மறதி நோய் உள்ள பெரியவர்களோடு சின்னப் பிள்ளைகளைப் பாட உட்கார வைக்கலாமா?

மஞ்சக்குப்பம் மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமியாருக்கு 79 வயது. அல்சைமர் என்று டாக்டர் சொல்லிச் சில வருடங்கள் ஆகின்றன. என் பெயர் அவருக்கு இப்போது வருவதில்லை. "யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்பார். சொல்வேன். திரும்பக் கேட்பார். சாயங்காலம் ஆனால் ரொம்பக் கஷ்டம். "நேரமாச்சு, எங்க வீட்டுக்குப் போவணும்" என்று கேட்டைத் திறக்கப் போய்விடுவார்.

நான் வீட்டிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறேன். நாலு வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ளவர்கள். போன மாதம் நமச்சிவாயப் பதிகம் நடந்துகொண்டிருந்தது. அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளியபோது பாடினார் என்பார்களே, அது. அவர் கரையேறியது நம்ம திருப்பாதிரிப்புலியூரில் என்பதால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதை எப்படியும் சொல்லிக் கொடுத்துவிடுவேன். நடுவில் ஒரு அடி மறந்துபோய் எல்லாரும் நின்றுவிட்டார்கள். கேட் பக்கம் போய்க்கொண்டிருந்த அத்தை நின்ற இடத்திலிருந்தே அந்த அடியை எடுத்தார். ஒரு எழுத்து பிசகவில்லை. பாட்டு முடியும்வரை கூடவே பாடினார். அப்புறம் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "இழுக்காதீங்க, அங்க நிறுத்தணும்" என்று திருத்தினார்.

அத்தை பாடலீஸ்வரர் கோயில் பக்கம் வளர்ந்தவர். சின்ன வயதில் கோயில் ஓதுவாரிடம் பாடம் கேட்டிருக்கிறாராம். நாத்தனார் போனில் சொன்னபிறகுதான் எனக்கே தெரியும்.

எங்கள் தெருவிலேயே மறதி உள்ள பெரியவர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். வாரம் ஒருநாள் இவர்களையும் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்துப் பாடலாமா என்று யோசிக்கிறேன். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பெரியவர்களுக்குச் சத்தம் ஆகாது என்கிறார் என் வீட்டுக்காரர். கடலூர், புதுச்சேரி பக்கம் யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

கெடிலக்கரை

நல்ல யோசனை சகோதரி, தாராளமாகச் செய்யுங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் ஒன்றுதானே. நாலு விளையாட்டுப் பாட்டு, கொஞ்சம் கைதட்டல் என்றால் ரெண்டு பேருக்கும் பிடித்துப்போகும்.

அரியாங்குப்பம் சிஸ்டர்

நான் நர்ஸ். பல வருடம் முதியோர் இல்லங்களில் வேலை. எந்த இல்லம் என்று எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரு பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். ஹாலில் மைக், இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ். பிள்ளைகளுக்கு ஜிகினா டிரஸ். பெரியவர்களை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதல் பாட்டு ஆரம்பித்த உடனே ஒரு அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்தவர், கடைசிவரை நிமிரவில்லை. ஒரு தாத்தா எழுந்து கதவைத் தேடினார். திறக்க வரவில்லை, தட்ட ஆரம்பித்தார். மேடையில் ஆடிய பிள்ளைகள் அவரைப் பார்த்து மிரண்டார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு பழம் கொடுத்து, தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி அந்த வார்டில் யாருமே சரியாகத் தூங்கவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். எங்களோடு வேலை பார்த்த ஆயாம்மா ஸ்கூல் லீவு நாளில் தன் மகளைக் கூட்டிவருவார். ஐந்து வயது இருக்கும். அந்தப் பெண் வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டே ஒரு பாட்டியின் கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாட்டி பேச்சை விட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது, சாப்பிடக்கூட வாயைத் தொட்டுக் காட்டித்தான் ஊட்டுவோம். அவர் பிள்ளையின் கையை எடுத்து உள்ளங்கையை விரித்தார். தன் முழங்கையை அதில் ஊன்றி மத்து மாதிரிச் சுற்றினார். பருப்புக் கடைகிறார்! அப்புறம் ஒவ்வொரு விரலாக மடக்கி அம்மாவுக்கு, அப்பாவுக்கு, அண்ணனுக்கு என்று பங்கு வைத்தார். சொல் பாதிதான் வந்தது, ராகம் முழுசாக வந்தது. கடைசியில் நண்டு ஊர்கிற மாதிரி இரண்டு விரலை மணிக்கட்டிலிருந்து மேலே நடத்திக்கொண்டு போய் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டினார். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மறுபடி கையை நீட்டினாள். பாட்டி மறுபடி கடைந்தார். எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. நாமாக இருந்தால் மூன்றாவது தடவைக்கு மேல் அலுத்துப்போயிருப்போம். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு தடவையும் புதுசாகவே இருந்தது.

அதனால் என் அபிப்பிராயம் இதுதான். பிள்ளைகள் பாடிக் காட்ட, பெரியவர்கள் பார்க்க என்று வைக்காதீர்கள். பெரியவரிடம் இருப்பதைப் பிள்ளை வாங்கிக்கொள்கிற மாதிரி வையுங்கள். உங்கள் அத்தை "அங்க நிறுத்தணும்" என்று திருத்தினாரே, அதுதான் வேண்டும்.

நடைமுறையில் சில விஷயம். மைக் வேண்டவே வேண்டாம். நாலு பெரியவர் என்றால் ஐந்தாறு பிள்ளை போதும். அரை மணிக்கு மேல் இழுக்காதீர்கள். சாயங்காலம் வைக்காதீர்கள், பொழுது சாயும்போதுதான் பலருக்குக் குழப்பமும் தவிப்பும் கூடும். காலைப் பலகாரம் ஆகி, குளித்து முடித்தபிறகு பத்து மணி வாக்கில் நல்ல நேரம். "என்னை ஞாபகம் இருக்கா, நான் யாரு சொல்லுங்க" என்று பரீட்சை வைக்க யாரையும் விடாதீர்கள்.

நெல்லிக்குப்பம் அப்பா

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு ஐந்து வயதில் மகன் இருக்கிறான். என் அப்பாவுக்கும் இதே நோய். ஒருநாள் பேரன் ஆசையாகப் பக்கத்தில் போனபோது யாரோ திருடன் என்று நினைத்துக் கையை ஓங்கிவிட்டார். அடி சரியாகப் படவில்லை. ஆனால் அதற்கப்புறம் பிள்ளை தாத்தா ரூமுக்குப் போவதே இல்லை. ராத்திரி பாத்ரூம் போகக்கூட அந்த வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறான்.

பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள், சரி. அதற்காக யார் வீட்டுப் பிள்ளையையோ மருந்து மாதிரிக் கொண்டுபோய் உட்கார வைப்பது நியாயமா? அந்தப் பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது?

அரியாங்குப்பம் சிஸ்டர்

அண்ணா, நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். உங்கள் மகனுக்கு அப்படி ஆனதில் எனக்கும் வருத்தம். முன்கூட்டியே பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசாமல் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. நான் சொல்வது இப்படி: "தாத்தாவுக்கு மூளையில ஒரு நோய். அதனால சில சமயம் ஆள் அடையாளம் தெரியாது, பயந்துடுவார். பயத்துல கத்துவார். அது உன் மேல இருக்கிற கோபம் இல்ல. ஒரே கேள்விய திரும்பக் கேட்டா திரும்பச் சொல்லு. உனக்குப் பிடிக்கலன்னா எழுந்து வந்துடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். எழுந்து வர விடாமல் எந்தப் பிள்ளையையும் பிடித்து வைக்கக் கூடாது.

பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ போய்த் தொட்டால் பெரியவர் அதிர்ந்து கையை ஓங்குவது நடக்கும். எதிரே வந்து, கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்து, முதலில் பாட்டு, அப்புறம்தான் தொடுவது. கூடவே இரண்டு பெரிய ஆட்கள் எப்போதும் அறையில் இருக்க வேண்டும்.

மருத்துவ மாணவி, கோரிமேடு

படிப்பின் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருப்பதாக நாடு தழுவிய ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. ஒரு தெருவில் நாலு பேர் என்பதில் ஆச்சரியம் இல்லை.

பேர் மறந்தவருக்குப் பாட்டு எப்படி வருகிறது? அல்சைமரில் முதலில் அடிவாங்குவது நேற்று நடந்தது, இன்று சாப்பிட்டது போன்றவற்றைப் பதிகிற பகுதி. நெடுநாள் பழகிய பாட்டு அங்கே மட்டும் இருப்பதில்லை. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பார்த்தது. பழகிய பாட்டைக் கேட்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதிகளும், அல்சைமரில் மற்ற இடங்களைவிடக் குறைவாகச் சுருங்குகிற பகுதிகளும் பெருமளவு ஒன்றாகவே இருந்தன. சிஸ்டர் சொன்ன பருப்புக் கடைகிற விளையாட்டில் கைப்பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. சைக்கிள் ஓட்டுவது, பூத் தொடுப்பது மாதிரியான பழக்கங்கள் பேச்சு போனபிறகும் ரொம்ப நாள் நிற்கும்.

ஆனால் இதனால் நோய் குணமாகாது, மறந்தது திரும்பாது. இசை சிகிச்சை பற்றிய 22 ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் வந்த காக்ரேன் தொகுப்பின்படி, ஐந்து அமர்வுக்குக் குறையாமல் செய்தால் மனச்சோர்வு குறைகிறது, நடத்தைச் சிக்கல்களும் மொத்தத்தில் கொஞ்சம் தணிகின்றன. நினைவாற்றலில் பெரிய மாற்றம் இல்லை. ஆகவே ஒருநாள் நிகழ்ச்சியால் ஒன்றும் ஆகாது. வாராவாரம் விடாமல் நடத்த முடியுமா என்பதை முதலில் யோசியுங்கள் அக்கா.

பாதுகாப்பு விஷயம் சில. எல்லா டிமென்ஷியாவும் ஒன்றல்ல. சில வகையில் கூச்சமும் தன்னடக்கமும் போய்விடும். சொல்லக் கூடாததைச் சொல்வார்கள், தொடக் கூடாத விதத்தில் தொடுவார்கள். அது நோயின் வேலைதான் என்றாலும் பிள்ளைகளைத் தனியாக விடவே கூடாது, என்ன வகை என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சல் உள்ள பிள்ளையை அந்த வாரம் கூப்பிடாதீர்கள். பெரியவர் யாருக்காவது அக்கி போட்டிருந்தால் ஆறும்வரை அவரும் வர வேண்டாம். அதிலிருந்து தடுப்பூசி போடாத பிள்ளைக்கு அம்மை தொற்றலாம்.

கெடிலக்கரை

பிள்ளையையும் பெரியவரையும் ஒரே கட்டிடத்தில் வைத்து நடத்துகிற இடங்கள் வெளிநாட்டில் இருப்பதாகப் படித்தேன். நிஜமா?

மருத்துவ மாணவி, கோரிமேடு

உண்டு சார். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் 1991 முதல் குழந்தைகள் காப்பகமும் சேர்ந்தே இருக்கிறது. லண்டன் நைட்டிங்கேல் ஹவுஸ் முதியோர் இல்ல வளாகத்தில் 2017-இல் மழலையர் பள்ளி திறந்தார்கள், பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பாடுகிறார்கள். அவர்களுக்குத் தனிக் கட்டிடம் தேவைப்பட்டது. நமக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு திண்ணை போதும் என்று நினைக்கிறேன்.

பக்கத்திலேயே உதவியும் உண்டு. கடலூர் ரோட்டில் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தின் இசை சிகிச்சை மையம் இருக்கிறது. நேரில் போய்க் கேட்டுப் பார்க்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

லாஸ்பேட்டை பாட்டு டீச்சர்

ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர் நான். கெடிலக்கரை தம்பி மேலே சொன்ன ஒன்றை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வயதானவர்களும் குழந்தைகளும் ஒன்று இல்லை, தம்பி. குடும்பம் நடத்தி, நாலு பிள்ளை பெற்று, நாத்து நட்டு, கடன் அடைத்து வந்த மனுஷிக்கு நர்சரிப் பாட்டைப் போட்டு "கை தட்டுங்க பாட்டி" என்றால் அவருக்கு அவமானமாக இருக்கும். மறதி வந்தாலும் மானம் போவதில்லை. பிள்ளை கேட்க, அவர் சொல்லிக் கொடுக்க விளையாட்டுப் பாட்டு வந்தால் அது வேறு. அப்போது அவர் பாட்டி. முதலில் சொன்னதில் அவர் எல்கேஜி பிள்ளை.

மருமகளே, நீ பாட்டு சொல்லிக் கொடுக்கிறவள், அதனால் தொழில் முறையில் சொல்கிறேன். பிள்ளைகளை ஐந்தரைக் கட்டை, ஆறு கட்டை என்று உயர்ந்த சுருதியில் பாட வைத்துப் பழகியிருப்பாய். வயதான பெண்களுக்குக் குரல் இறங்கிவிடும், அந்த சுருதியில் வாயைத் திறக்கவே மாட்டார்கள். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு அவர்களைப் பிடிக்கச் சொல்லாதே. அத்தையை முதலில் எடுக்கவிடு. எந்த சுருதியில் எடுக்கிறாரோ அங்கே பெட்டியைக் கொண்டுபோ. பெரும்பாலும் மூன்று, நாலு கட்டைக்குள் நிற்பார். பிள்ளைகள் கொஞ்சம் கீழே வந்து பாடட்டும், குறைந்து போய்விட மாட்டார்கள். காலப்பிரமாணம் நீ பாடுவதைவிட நல்ல சவுக்கமாக, மெதுவாக இருக்கட்டும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே காத்திரு. அவர்களுக்கு வர நேரம் எடுக்கும், அந்த இடைவெளியை நீ பாடி நிரப்பினால் அவர்கள் நின்றுவிடுவார்கள்.

வயதான காதில் முதலில் போவது கீச்சுச் சத்தம். பிள்ளைகளின் சொல் பாதி விழாது. முகத்துக்கு முகம் உட்கார வை, உதட்டைப் பார்த்தாவது பிடித்துக்கொள்வார்கள். ஜால்ரா வேண்டாம், மூடிய அறையில் காதைக் குத்தும். கையால் தொடையில் தாளம் போட்டாலே போதும்.

எந்தப் பாட்டு? ஒவ்வொருவரும் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் எதைக் கேட்டு வளர்ந்தார் என்று பார். உன் அத்தைக்கு 79 என்றால் 1950-களின் கடைசியிலிருந்து 70-களின் நடுவரை. அப்போது வீட்டில் ரேடியோ இருந்ததா? நம் கடற்கரையில் இலங்கை வானொலி கணீரென்று கேட்கும், அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நிறைய. ரேடியோ இல்லாத வீடா? அப்படியானால் நடவுப் பாட்டு, கும்மி, கூத்துப் பாட்டு இருக்கும். வடலூர், கருங்குழி பக்கத்துக்காரர் என்றால் திருவருட்பா எடுத்துப் பார். உனக்குப் பிடித்ததை வைத்து முடிவு செய்யாதே. ஒவ்வொரு வீட்டிலும் போய்க் கேள்.

கெடிலக்கரை

நீங்கள் சொன்னது சரி டீச்சர். வார்த்தையை மாற்றிக்கொள்கிறேன்.

தேவனாம்பட்டினத்தான்

டீச்சர் கேட்ட "எந்தப் பாட்டு?" பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். என் பெரியப்பா கரைவலை இழுத்தவர். இரண்டு கயிறு, இரண்டு பக்கமும் ஆட்கள். ஒருத்தர் அம்பா, அதாவது வலை இழுக்கிற பாட்டு, எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ, ஐலசா என்று திருப்பிச் சொல்லி இழுப்பார்கள். எடுத்துக் கொடுக்கிறவர் பெரியப்பாதான். இப்போது வீட்டு வாசல் எது, கொல்லை எது என்று தெரியவில்லை. சாப்பிட்டதும் தெரியாது.

அண்ணன் பிள்ளைகள் ஒருநாள் திண்ணையில் பழைய கயிறு ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா எழுந்து வந்தார். கயிற்றை வாங்கி, முனையைப் பிரித்துப் பார்த்து, சரி இல்லை என்று மறுபடி முறுக்கி முடி போட்டார். பிள்ளைகளை இரண்டு பக்கமும் உட்கார வைத்துவிட்டு அம்பா எடுத்தார். பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, முழித்தார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாங்கிச் சொல்லுடா! நீ சொல்லாம வல எப்படி வரும்!" அதட்டின குரல் நான் சின்ன வயதில் கரையில் கேட்ட அதே குரல். பிள்ளைகள் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். இப்போது அவர்களே "பெரிய தாத்தா, வல இழுக்கலாமா?" என்று கயிற்றோடு போய் நிற்கிறார்கள்.

நெல்லிக்குப்பம் அண்ணன் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். எங்கள் குப்பத்தில் கரைவலை குறைந்துபோய், இந்தப் பாட்டு தெரிந்த ஆட்களை விரல் விட்டு எண்ணலாம். எனக்கே முழுசாகத் தெரியாது. அண்ணன் மகனுக்குத் தெரியும், ஆறு வயது.

முத்தியால்பேட்டை

என் அப்பா 1950-களின் தொடக்கத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் ஆரம்ப வகுப்பு படித்தவர். தமிழ்ப் பாட்டு எத்தனையோ போட்டுப் பார்த்தோம், முகத்தில் ஒன்றும் இல்லை. பேத்தி பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்த பிரெஞ்சுப் பாட்டை வீட்டில் பாடியபோது, அவள் இரண்டாம் அடிக்கு வந்ததும் இவர் முதல் அடியை எடுத்தார். ஒருவர் பின்னால் ஒருவர் துரத்திப் பாடுகிற பாட்டு அது. எழுபது வருடத்துக்கு முன்னால் வகுப்பில் எப்படிப் பிரித்துப் பாடினார்களோ அப்படியே. டீச்சர் சொல்வது சரி, நாமாக ஒன்றைத் தீர்மானிக்கக் கூடாது.

பரங்கிப்பேட்டை பேத்தி

எல்லாரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது வேறு மாதிரி.

எங்கள் நன்னிக்கு, அதாவது பாட்டிக்கு, தாலாட்டு அருமையாக வரும். என் தங்கை கைக்குழந்தையோடு வந்திருந்தபோது தொட்டிலைப் பார்த்ததும் தானாகவே பாட ஆரம்பித்தார். இரண்டு அடி போனதும் அழுகை. நிறுத்தவே முடியவில்லை, "புள்ளய எங்க வச்சீங்க, புள்ளய எங்க வச்சீங்க" என்று வீடு முழுக்கத் தேடினார். அவருடைய முதல் பிள்ளை ஒரு வயதுக்குள் இறந்துவிட்டது. அறுபது வருடத்துக்கு முன்னால். அந்தத் துக்கம் அவருக்கு அன்றைக்குத்தான் நடந்த மாதிரி வந்துவிட்டது. அதற்கப்புறம் தொட்டிலை அவர் கண்ணில் படாமல் வைத்தோம், வீட்டில் யாரும் பாடுவதும் இல்லை. செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

அரியாங்குப்பம் சிஸ்டர்

படிக்கும்போதே மனசு கனத்துவிட்டதும்மா.

அழுகை வந்தால் எல்லாமே கெட்டது என்று இல்லை. சிலர் பாடும்போது கண்ணீர் விடுவார்கள், பாட்டு முடிந்ததும் முகம் தெளிந்துவிடும். உங்கள் நன்னிக்கு நடந்தது அது இல்லை, அவர் பிள்ளையைத் தேட ஆரம்பித்துவிட்டார். அந்தத் தாலாட்டை ஒதுக்கி வைத்தது சரிதான். எந்தப் பாட்டு ஆகாது என்பதை வீட்டில் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், புதிதாகப் பார்த்துக்கொள்ள வருகிறவரிடமும் சொல்ல வேண்டும்.

ஆனால் எல்லாப் பாட்டையும் நிறுத்திவிட வேண்டாமே. கைக்குழந்தையும் தொட்டிலும் இல்லாமல், ஏழெட்டு வயதுப் பிள்ளை யாராவது நன்னி பக்கத்தில் உட்கார்ந்து வேறு ஏதாவது பாடிப் பார்க்கட்டும். கல்யாண வீட்டுப் பாட்டு, நோன்பு மாதத்தில் பாடுவது, மௌலூது ஓதும்போது கேட்டது இப்படி ஏதாவது. அன்று தேட ஆரம்பித்தாரே, அந்த மாதிரி வந்தால் "அப்படி யாரும் இல்ல, செத்துப் போச்சு" என்று திருத்தாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு அந்தப் புள்ள மேல எவ்வளவு ஆசை" என்று பேச்சுக் கொடுங்கள்.

பரங்கிப்பேட்டை பேத்தி

நன்றி சிஸ்டர். அக்கா மகளுக்கு எட்டு வயது. வெள்ளிக்கிழமை அவளை உட்கார வைத்துப் பார்க்கிறேன்.

மஞ்சக்குப்பம் மருமகள்

எல்லாருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. சனிக்கிழமை காலையில் நடத்தினோம்.

அதற்கு முன்னால் டீச்சர் சொன்னபடி ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேட்டேன். எதிர் வீட்டுப் பாட்டிக்கு நடவுப் பாட்டு. மூன்றாம் வீட்டுத் தாத்தா பஸ் டிரைவராக இருந்தவர், அவர் பிள்ளைகளுக்கே எந்தப் பாட்டு பிடிக்கும் என்று தெரியவில்லை. கோடி வீட்டு அம்மா சர்ச்சில் பாடியவர், கீர்த்தனைகள் எல்லாம் வருமாம். பிள்ளைகளின் அம்மாக்களையும் கூப்பிட்டு, கோரிமேடு தங்கை எழுதியதைப் படித்துக் காட்டினேன். இரண்டு அம்மாக்கள் வேண்டாம் என்றார்கள், சரி என்றுவிட்டேன். மூன்று அம்மாக்கள் நாங்களும் கூட உட்காருகிறோம் என்றார்கள்.

பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்தேன், பெரியவர்களுக்கு எதிரே தாழ்வான நாற்காலி. அத்தை எடுத்தது மூன்று கட்டை, டீச்சர்! ஐந்து கட்டையில் பாடிய எங்கள் சாயங்காலப் பாட்டில் மற்ற நாட்களில் அவர் சேராமல் இருந்ததற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது. எதிர் வீட்டுப் பாட்டி முதலில் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார். நான் ஒரு அடி எடுத்துக் கொடுத்துவிட்டு, டீச்சர் சொன்ன மாதிரி காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. ஒரு பெண் பிள்ளை வாயைத் திறக்கப் போனாள், கையைக் காட்டி நிறுத்தினேன். அப்புறம் பாட்டி குனிந்து, நாற்று முடியைப் பிரித்து வைக்கிற மாதிரி விரலை அசைத்துக்கொண்டே பாடினார். அந்தப் பிள்ளைக்கு நாற்று என்றால் என்னவென்று தெரியவில்லை, கேட்டாள். பாட்டிக்குச் சொல்ல வரவில்லை, கையால் செய்து காட்டினார். பாயிலிருந்த எல்லாப் பிள்ளைகளும் வரிசையாகக் குனிந்து தரையில் நட்டார்கள். அவர் ஒரு பையனின் கையைப் பிடித்து, விரல் எப்படி இருக்க வேண்டும் என்று திருத்தினார்.

டிரைவர் தாத்தாவுக்கு மட்டும் சரிவரவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டார், அவர் மகளே கூட்டிக்கொண்டு போனார். அவர் எந்த ரூட்டில் வண்டி ஓட்டினார், எந்த டீக்கடையில் நிறுத்துவார் என்று அவருடைய பழைய கண்டக்டரிடம் கேட்கப் போகிறேன். டீக்கடை ரேடியோவில் கேட்டது ஏதாவது இருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலமும் அத்தை கேட்டைத் திறக்கப் போனார். அது மாறவில்லை, மாறும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் பகல் சாப்பாட்டுக்கு உட்காரும்போது வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார். நான் சோறு பிசைந்து வைத்ததும் "நீயும் பாட்டுக்காரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "யாரு கிட்ட கத்துக்கிட்ட?" என்றார். உங்ககிட்டதான் அத்தை என்றேன். ஒத்துக்கொண்டார்.

நெல்லிக்குப்பம் அப்பா

படித்தேன். என் மகனை அப்பா ரூமுக்குள் அனுப்ப எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அப்பாவுக்குத் தெருக்கூத்து என்றால் உயிர், ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்ப்பார். கதவைத் திறந்து வைத்து, நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடிப் பார்க்கிறேன். பையன் கூடத்திலிருந்து கேட்கட்டும். உள்ளே வருவதும் வராததும் அவன் இஷ்டம்.

அரியாங்குப்பம் சிஸ்டர்

அப்படியே செய்யுங்கள் அண்ணா. அவசரமே வேண்டாம்.

மஞ்சக்குப்பம் மருமகள்

தேவனாம்பட்டினம் அண்ணா, ஒரு உதவி. கயிற்றுக் கதையைப் பிள்ளைகளிடம் சொன்னதிலிருந்து தினமும் கேட்கிறார்கள். பெரியப்பாவை ஒரு சனிக்கிழமை கூட்டிவர முடியுமா? புது இடம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் வேண்டாம், அவர் பாடுவதை போனில் பதிந்து அனுப்பினாலும் போதும்.

தேவனாம்பட்டினத்தான்

பதிந்து அனுப்பினால் யாரை அதட்டுவார்? கூட்டியே வருகிறேன் தங்கச்சி. அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் கூட வந்தால் அவருக்குத் தெரிந்த முகமாக இருக்கும். ஆட்டோவில் வந்துவிடுவோம். மாடிப்படி ஏற மாட்டார், கீழ் வீடுதானே?

மஞ்சக்குப்பம் மருமகள்

கீழ் வீடுதான் அண்ணா. வாசலில் ஒரே ஒரு படி, அதற்கும் பலகை போட்டு வைக்கிறேன். பத்து மணிக்கு வந்துவிடுங்கள். கயிறு நீங்களே கொண்டு வாருங்கள், இங்கே நைலான்தான் இருக்கிறது, பிள்ளைகள் கையை அறுத்துவிடும்.